ரேடார் படத்தில் சிவப்பு தெரிந்தால் என்ன செய்வது? மழை மேகத்தின் நிறம் சொல்லும் சேதி

களத்தில் நெல் காய்கிறது. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. செல்போனில் ஊர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் யாரோ ஒருவர் வட்டமான ஒரு படத்தைப் போட்டு, "செம சிவப்பு வருது, ஜாக்கிரதை" என்று எழுதியிருக்கிறார். நெல்லை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போடுவதா, இல்லை இன்னும் ஒரு மணி நேரம் வெயிலைப் பயன்படுத்திக்கொள்வதா? நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை ஓரமாகத்தான் வைப்பார்கள். அதனால் அந்த ஒரு மணி நேரம் சின்ன விஷயம் இல்லை.

வானிலை ரேடார் படம் இப்போது எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் படத்தைப் பார்ப்பவர்களில் பலர் சிவப்பைக் கண்டு தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். அல்லது பச்சையும் மஞ்சளும்தானே என்று அலட்சியமாக இருந்து, வயலில் தண்ணீர் தேங்கிய பிறகு தலையில் கை வைக்கிறார்கள். நிறம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

சிவப்பு ஒன்று, அர்த்தம் மூன்று

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தொலைக்காட்சியில் "சிவப்பு எச்சரிக்கை" என்று சொல்வதும், ரேடார் படத்தில் தெரியும் சிவப்பும் ஒன்று அல்ல.

வானிலை மையம் மாவட்டங்களுக்கு விடுக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பது நாம் எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். இது வரப்போகும் மணி நேரங்களுக்கோ நாட்களுக்கோ ஆன கணிப்பு. ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் அதிகனமழை எதிர்பார்க்கப்படும்போது பெரும்பாலும் சிவப்பு எச்சரிக்கை வருகிறது.

அடுத்தது செயற்கைக்கோள் படம். அதிலும் சில வகைகளில் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் வரும். அங்கே அந்த நிறம் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமாக வளர்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதன் அடியில் மழை பெய்கிறதா என்று அந்தப் படம் நேரடியாகச் சொல்லாது. பெரிய மேகக்கூட்டம் கலைந்துபோகும்போதுகூட உச்சியில் குளிர்ந்த மேகம் அகலமாகப் பரவி நிற்கும். படத்தில் பார்த்தால் மாவட்டமே மூழ்கப் போவது போலத் தோன்றும், கீழே சாரல்கூட இருக்காது.

மூன்றாவதுதான் ரேடார். இது கணிப்பு அல்ல. சில நிமிடங்களுக்கு முன் காற்றில் எங்கே, எவ்வளவு மழைத்துளி இருந்தது என்று அளந்து எடுத்த படம். நாளை மழை வருமா என்று ரேடாரிடம் கேட்கக் கூடாது. அடுத்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குத்தான் அது உதவும்.

இன்னொன்றும் உண்டு. விண்டி போன்ற செயலிகளைத் திறந்ததும் முதலில் வருவது காற்றோட்டத்தின் முன்கணிப்பு. அதுவும் வண்ணமயமாக இருக்கும். அதைப் படம் பிடித்து "ரேடார்" என்று அனுப்புகிறவர்கள் நிறைய. எதைப் பார்க்கிறோம் என்று படத்தின் தலைப்பை வாசித்துவிட்டு நம்புவது நல்லது.

ரேடார் எதை அளக்கிறது?

ரேடார் கோபுரத்தில் சுற்றும் குடை ஒன்று ரேடியோ அலைகளைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக அனுப்புகிறது. அந்த அலை வழியில் உள்ள மழைத்துளிகளில் பட்டு, அதில் மிகச் சிறு பங்கு திரும்பி வருகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தையும், திரும்பி வந்த அளவை வைத்து மழையின் வலுவையும் கணக்கிடுகிறார்கள். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருவது போலத்தான்.

இந்த எதிரொலியின் அளவுக்கு டி.பி.இசட். என்று பெயர். படத்தின் ஓரத்தில் நிறப் பட்டையும் அதன் அருகில் எண்களும் இருக்குமே, அந்த எண்கள் இவைதான். நிறத்தைவிட இந்த எண்ணைப் பார்த்துப் பழகுவதே நல்லது. காரணம், ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு செயலியும் தன் விருப்பப்படி நிறம் கொடுக்கிறது. ஒன்றில் 40 மஞ்சளாக இருக்கும், இன்னொன்றில் அதே 40 ஆரஞ்சாக இருக்கும். எண் மாறாது.

பொதுவான வரிசை நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறிக்கொண்டு போகும். சிவப்புக்கும் மேலே இளஞ்சிவப்பு, ஊதா அல்லது வெள்ளை வரலாம். 20 என்பது தூறல், மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பல நேரம் அது தரைக்கு வருவதற்குள் காய்ந்தே போகும். 30 என்றால் மணிக்கு இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்கு லேசான மழை. 40 என்றால் மணிக்குப் பத்து மி.மீ.க்குச் சற்று மேல், சட்டை நன்றாக நனையும். 50 வந்துவிட்டால் மணிக்கு 50 மி.மீ., அதாவது 5 செ.மீ. வேகத்தில் கொட்டுகிறது என்று பொருள்; வரப்பு தெரியாது. 55-க்கு மேல் போனால் அது மழை மட்டும்தானா, ஆலங்கட்டியும் சேர்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கோடையில் ஆலங்கட்டி விழுவது புதிது அல்லவே.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 30-லிருந்து 40-க்குப் போகும்போது எண் பத்துதான் கூடியது, மழை நாலு மடங்கு கூடிவிட்டது. 40-லிருந்து 50-க்கும் அப்படியே. டி.பி.இசட். என்பது படிப்படியாகப் பெருகும் அளவு, நாம் நிலத்தை அளப்பது போலக் கூட்டிக்கொண்டு போகும் அளவு அல்ல. ஆகவே பச்சைக்கும் மஞ்சளுக்கும் உள்ள தூரத்தைவிட ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

பெரிய துளியும் சிறிய துளியும்

ரேடார் அளப்பது மழையின் அளவை அல்ல, எதிரொலியின் அளவை. இந்த இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும், வித்தியாசம் இருக்கிறது. ஒரு துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் அதில் உள்ள தண்ணீர் எட்டு மடங்காகிறது. அதன் எதிரொலியோ 64 மடங்காகிறது. ஆகவே பெரிய துளிகள் கொஞ்சம் இருந்தாலே ரேடார் சிவப்பைக் காட்டிவிடும்.

சித்திரை, வைகாசியில் வரும் கோடை இடிமழையில் துளிகள் பெரிது. மண்ணில் விழுந்தால் காசு அளவுக்குப் பள்ளம் விழும். படத்தில் ரத்தச் சிவப்பாக இருக்கும், கால் மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். மழைமானியில் பார்த்தால் ஒன்றரை, இரண்டு செ.மீ. இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை வேறு ரகம். துளிகள் சிறிது, ஆனால் நெருக்கம் அதிகம். ரேடாரில் பச்சையும் மஞ்சளுமாக, சாதுவாகத் தெரியும். அதே 40 டி.பி.இசட். கடல் மேகத்தில் இருந்தால் நிலத்தின் இடிமழையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீரைக் கொட்டக்கூடும். டெல்டாவில் சம்பா போட்டவர்கள் இதை மறக்கவே கூடாது. கோடையில் மஞ்சள் என்பது வேறு, கார்த்திகையில் மஞ்சள் என்பது வேறு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. இதை 24 ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 4 செ.மீ. கோடை இடிமழை ஒன்று அரை மணி நேரத்துக்கு இதைவிட வேகமாகக் கொட்டுவது உண்டு. தாமிரபரணிக் கரையை மூழ்கடித்தது மழையின் வேகம் மட்டும் அல்ல, அது நிற்காததும்தான்.

நிறத்தைவிட நகர்வு முக்கியம்

ஒற்றைப் படத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். குறைந்தது மூன்று படங்களைப் பாருங்கள். ரேடார் படங்கள் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. அரை மணி நேரப் படங்களை வரிசையாகப் பார்த்தால் மேகம் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடி மாதத்தில் ஒரு நாள். சிவப்புத் திட்டு ஒன்று மாலை 4.00 மணிப் படத்தில் ஆரணிக்கு மேலே இருக்கிறது. 4.45 மணிப் படத்தில் செய்யாறுக்கு மேலே வந்துவிட்டது. இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் 28 கி.மீ. அளவு. முக்கால் மணி நேரத்தில் 28 கி.மீ. என்றால் மணிக்கு 37 கி.மீ. வேகம். செய்யாறிலிருந்து உத்திரமேரூர் நேர்க்கோட்டில் 24 கி.மீ. இருக்கும். அப்படியானால் உத்திரமேரூர்க்காரருக்கு இன்னும் 40 நிமிடம் இருக்கிறது, 5.25 வாக்கில் மழை வந்துவிடும். இது துல்லியமான கணக்கு அல்ல. வழியில் மேகம் வலுக்கலாம், கலையலாம், திசை திரும்பலாம். ஆனாலும் நெல்லைக் கூட்டி மூடுவதற்கு 40 நிமிடம் போதும்.

தென்மேற்குப் பருவக் காலத்தில், அதாவது ஆனி முதல் புரட்டாசி வரை, வட தமிழ்நாட்டு இடிமழை மேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் பிற்பகலில் உருவாகி, இரவில் கடற்கரையை எட்டும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ், மேகம் கடலிலிருந்து மேற்கே வரும். கோடையில் மட்டும் நாளுக்கு நாள் திசை மாறும். அப்போது பழைய அனுபவத்தை நம்பாமல் படங்களை ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மேகம் நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதும் முக்கியம். சில நாட்களில் மேகங்கள் நகர்வது போலத்தான் தெரியும், ஆனால் பின்னாலேயே புது மேகங்கள் பிறந்து அதே ஊரின் மேல் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், தண்டவாளத்தில் ரயில் பெட்டிகள் வருவது போல. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டி இளஞ் சம்பாப் பயிர் மூழ்கியதை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் கரைக்கு வந்த பிறகும் நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. ஒரு மணி நேரமாக உங்கள் பகுதியில் மஞ்சள் நகராமல் இருந்தால், அதை ஓடிப்போகும் சிவப்பைவிட ஆபத்தானது என்று எடுத்துக்கொண்டு வடிகால் வாயைத் திறந்துவிடப் போங்கள்.

காற்று எங்கே இருக்கிறது?

வாழை விவசாயிக்கு மழையைவிடக் காற்றுதான் எதிரி. கோபி, சத்தியமங்கலம், தேனி வட்டாரங்களில் கோடையில் அரை மணி நேரச் சூறைக்காற்றில் தார் போட்ட வாழை ஏக்கர் கணக்கில் சாய்வதைப் பார்க்கிறோம். ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் ரேடார் படத்தின் நிறம் காற்றைக் காட்டுவதில்லை. மழைத்துளியை மட்டுமே காட்டுகிறது. சிவப்பு மேகம் ஒன்று காற்றே இல்லாமல் பெய்துவிட்டுப் போகலாம். ஆரஞ்சு மேகம் தோப்பையே சாய்த்துவிட்டும் போகலாம்.

காற்றின் அடையாளத்தை வடிவத்தில்தான் தேட வேண்டும். தனித்தனித் திட்டுகளாக இல்லாமல், மேகங்கள் நீளமாக ஒரு கோடு போலச் சேர்ந்து முன்னேறினால் காற்று இருக்கும். அந்தக் கோடு நடுவில் முன்னோக்கிப் புடைத்து, வில் போல வளைந்திருந்தால் பலத்த காற்று நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். பின்னால் இருந்து குளிர்ந்த காற்று வேகமாகத் தள்ளுவதால்தான் அந்த வளைவு வருகிறது. வில்லின் நடுப்பகுதி எந்த ஊரை நோக்கி இருக்கிறதோ அங்கேதான் அடி அதிகம்.

இன்னொரு அடையாளம் கொஞ்சம் நுணுக்கமானது. சிவப்புத் திட்டுக்கு முன்னால், சில கி.மீ. தள்ளி, மெல்லிய நீல நிறக் கோடு ஒன்று தெரியும். சிலர் அதைப் படத்தின் கோளாறு என்று நினைப்பார்கள். மழை மேகத்திலிருந்து தரையில் இறங்கிய குளிர்ந்த காற்று நாலாபுறமும் பரவும்போது, அதன் முன்விளிம்பில் தூசி, பூச்சி எல்லாம் குவிந்து ரேடாரில் அப்படித் தெரிகிறது. மழை வருவதற்கு முன் திடீரென்று சில்லென்று புழுதிக் காற்று அடிக்குமே, அதுதான் இந்தக் கோடு. மழை இன்னும் 20 நிமிடத்தில் என்றால், காற்று அதற்கு முன்பே வந்துவிடும்.

டாப்ளர் ரேடாரில் காற்றின் வேகத்துக்கென்று தனிப் படமும் உண்டு. ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி ஒரு மாதிரியும், விலகிப் போகும்போது வேறு மாதிரியும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே தத்துவத்தில் மழைத்துளி ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று இது அளக்கிறது. பட்டையில் மைனஸ் குறி உள்ள நிறம் ரேடாரை நோக்கி வருவது. பிளஸ் உள்ளது விலகிப் போவது. இந்தப் படத்தில் சிவப்பு என்றால் கனமழை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதைச் சரியாகப் படிக்கப் பயிற்சி வேண்டும். புதியவர்கள் முதல் படத்தையே நன்றாகப் பார்த்துப் பழகினால் போதும் என்பது என் கருத்து.

ஓரத்தில் இருக்கும் பட்டைகளை விட்டுவிடாதீர்கள்

வானிலை மையத்தின் தளத்தில் "மேக்ஸ் இசட்" என்ற படம்தான் அதிகம் பகிரப்படுவது. நடுவில் வட்டமான வரைபடம், மேலேயும் வலப்பக்கத்திலும் இரண்டு பட்டைகள். பலரும் நடுப் படத்தை மட்டும் வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பட்டைகளில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நடுப் படம், ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழ்வரை எந்த உயரத்தில் இருந்தாலும் சரி, அதிகபட்ச எதிரொலியை எடுத்துக் காட்டுகிறது. ஆகவே அங்கே சிவப்பு தெரிகிறது என்பதால் தரையில் அப்போதே கொட்டுகிறது என்று சொல்ல முடியாது. சிவப்பு 8 கி.மீ. உயரத்தில் தொங்கிக்கொண்டு இருக்கலாம். மேலே உள்ள பட்டை, மேகத்தைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பது போல, எந்த உயரத்தில் எந்த நிறம் இருக்கிறது என்று காட்டும். வலப்பக்கப் பட்டையும் அப்படியே, வடக்கு தெற்காக.

அதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, 40 டி.பி.இசட். நிறம் எவ்வளவு உயரம் வரை ஏறியிருக்கிறது. நம் பகுதியில் 7 கி.மீ.க்கு மேல் ஏறிவிட்டால், மேகத்துக்குள் பனித்துகளும் நீரும் உரசி மின்னூட்டம் சேரும் நிலை வந்துவிட்டது, மின்னலை எதிர்பார்க்க வேண்டும். மஞ்சளோ பச்சையோ 4, 5 கி.மீ.க்குள்ளேயே அடங்கியிருந்தால் அது பெரும்பாலும் இடி இல்லாத மழை. இரண்டாவது, உயரத்தில் இருந்த சிவப்பு அடுத்த படத்தில் கீழே இறங்குகிறதா என்பது. திடீரென்று இறங்கினால் அந்த இடத்தில் மழையும் காற்றும் ஒன்றாகத் தரையில் மோதப் போகின்றன. நமக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம்தான்.

உங்கள் ஊர் ரேடாருக்கு எவ்வளவு தூரம்?

ரேடாரில் ஒன்றும் இல்லை, ஆனால் ஊரில் மழை பெய்கிறது. இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பூமி உருண்டை, ரேடார் கதிர் நேராகப் போவது. தூரம் போகப் போகக் கதிர் தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகும். 100 கி.மீ. தூரத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். 200 கி.மீ. தூரத்தில் நாலு கி.மீ. அளவு. அதற்குக் கீழே உள்ள மேகம் ரேடாரின் கண்ணில் படாது.

தமிழ்நாட்டுக்குச் சென்னை ரேடாரும் காரைக்கால் ரேடாரும் முக்கியமானவை. சென்னையில் 2002 முதலே டாப்ளர் ரேடார் இயங்குகிறது. தஞ்சாவூர் காரைக்காலிலிருந்து 75 கி.மீ. அளவில்தான் இருக்கிறது, அங்கே படம் நம்பகமானது. திருச்சி 125 கி.மீ., அதுவும் பரவாயில்லை. மதுரை 200 கி.மீ.க்கும் மேல். அங்கே உயர்ந்த இடிமேகங்கள் தெரியும், தாழ்வான மழைமேகங்கள் தவறிப்போகும். சேலமும் அப்படியே. கோயம்புத்தூருக்குக் கொச்சி ரேடாரும், திருநெல்வேலிக்குத் திருவனந்தபுரம் ரேடாரும் தூரத்தில் பக்கம்தான். ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலை கதிரை மறைத்துவிட்டால் அதன் நிழலில் இருக்கும் ஊர்களில் நிறம் வெளிறித் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. தேனி, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் ரேடாரை மட்டும் நம்பி இருக்க முடியாது. அங்கே கண்ணும் மின்னல் செயலியும்தான் கைகொடுக்கும்.

எதிர்மாறாகவும் நடக்கும். மழையே இல்லாத இடத்தில் நிறம் தெரியும். பல படங்களில் அசையாமல் ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் நிற்கும் திட்டு, மலையோ கட்டடமோ ஆக இருக்கும். மேகம் அசையாமல் இருக்காது.

இருக்கும் நேரத்தில் என்ன செய்யலாம்?

ரேடார் தரும் நேரம் அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை. வாழைக்கு முட்டுக் கம்பு கொடுப்பது, தென்னையில் முற்றிய குலைகளை இறக்குவது போன்ற வேலைகளை இந்த நேரத்தில் செய்ய முடியாது. அவற்றை இரண்டு, மூன்று நாள் முன்னதாக வரும் வானிலை எச்சரிக்கையைப் பார்த்தே முடித்துவிட வேண்டும். ஆனால் வாழைத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தலாம். ஈர மண்ணில் வேரின் பிடி தளர்ந்துவிடும், காற்றுக்கு மரம் எளிதில் சாயும்.

மருந்து தெளிக்கக் கலக்கிக்கொண்டு இருப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று படத்தைப் பாருங்கள். தெளித்த மருந்து இலையில் படிந்து காய்வதற்குச் சில மணி நேரம் வேண்டும். 100 கி.மீ. தள்ளி உங்கள் திசையில் மேகம் வந்துகொண்டிருந்தால் அன்றைக்குத் தெளிப்பதை விட்டுவிடுவதே லாபம். யூரியா மேலுரம் கொஞ்சம் வேறு கணக்கு. மானாவாரி நிலத்தில் உரமிட்ட பிறகு 20, 30 டி.பி.இசட். அளவுக்கு லேசான மழை வந்தால் உரம் மண்ணில் இறங்கும், நல்லதுதான். 45, 50 வந்தால் உரம் ஓடையோடு போய்விடும்.

மின்னல் விஷயத்தில் நிறத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம். இடிமேகத்தின் சிவப்பு பத்து கி.மீ. தள்ளி இருக்கும்போதே மின்னல் உங்கள் வயலில் விழலாம், தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டு இருந்தாலும்கூட. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது, நாற்று நடவு, களை எடுப்பு எதுவானாலும் நிறுத்திவிட்டுக் கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தனி மரத்தடி, திறந்த கொட்டகை இரண்டும் கூடாது. மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மீண்டும் வயலில் இறங்கலாம். ஆடு மாடுகளை மரத்தில் கட்டி வைத்திருந்தால், இடி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, ரேடார் காட்டும் நேரத்தில் அவிழ்த்து ஓட்டி வந்துவிடுங்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் "தாமினி" செயலி உங்கள் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். ரேடார் படம் சரியாகக் கிடைக்காத ஊர்களுக்கு இது ரொம்பவும் தேவை.

புயல் நேரத்தில் ஒரு எச்சரிக்கை

புயல் கரையை நெருங்கும்போது ரேடார் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வளையம் தெரியும். அதன் நடுவே நிறமே இல்லாத ஓட்டை. அதுதான் புயலின் கண். உங்கள் ஊர் அந்த ஓட்டைக்குள் வரும்போது காற்று நின்றுவிடும், மழை விட்டுவிடும், சில நேரம் வானம்கூட வெளுக்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இப்படி ஓர் இடைவெளி வந்தது. புயல் போய்விட்டது என்று நினைத்து வெளியே வந்தவர்களை, சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று தாக்கியது. வளையத்தின் மறு பாதி அது. விழுந்த மரத்தை அகற்றவோ, கொட்டகைக் கூரையைப் பார்க்கவோ, மாட்டைத் தேடவோ அந்த இடைவெளியில் போகக் கூடாது. ரேடார் படத்தில் வளையத்தின் பின்பாதியும் உங்கள் ஊரைத் தாண்டியதா என்று பார்த்த பிறகு போகலாம். மின்சாரம் இருக்காது, செல்போன் கோபுரமும் வேலை செய்யாது என்பதால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளையோ உறவினரையோ படம் பார்த்துச் சொல்லும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

படம் பார்க்கும் முன்

படத்தில் அச்சாகியிருக்கும் தேதியையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் யு.டி.சி. என்று இருந்தால் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். காலை 10.00 யு.டி.சி. என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. வாட்ஸ்அப்பில் வருவது சில நேரம் போன வருடப் புயலின் படமாகக்கூட இருக்கும், ஆகவே முடிந்தவரை வானிலை மையத் தளத்துக்கே போய்ப் பாருங்கள். ரேடார் பழுது பார்க்கப்படும் நாட்களில் பழைய படமே தளத்தில் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது மழையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று செய்யலாம். வீட்டு வாசலில், மரம் கூரை மறைக்காத இடத்தில், மில்லிமீட்டர் குறியிட்ட சாதாரண பிளாஸ்டிக் மழைமானி ஒன்றை வையுங்கள். மழை விட்டதும் அளவைக் குறித்து, அந்த நேரத்து ரேடார் படத்தில் உங்கள் ஊர் மேல் என்ன எண், எத்தனை நிமிடம் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். கோடைக்கு ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகைக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். ஒரு பருவம் முடிவதற்குள், உங்கள் ஊருக்கு எந்த எண் வந்தால் வரப்பு நிரம்புகிறது, எந்த எண் வெறும் புழுதியை அடக்கிவிட்டுப் போகிறது என்பது அந்த நோட்டிலேயே இருக்கும்.